பழியைச் சுரங்கத்தின் மேல் போட்டால் போதுமா?

கோலார் தங்கவயலில் ஒருவர் குடித்துக் கெட்டார் என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. “மைன்ஸ் மூடினதுல இருந்து இப்படித்தான்” என்று யாராவது சொல்வார்கள். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போவார். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த காலத்திலிருந்து, வட ஆர்க்காட்டையும் சேலத்தையும் விட்டு வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கித் தோண்டிய பூமி அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. மூடியபோது சம்பளம் போனது, சுரங்க ஆஸ்பத்திரி போனது, சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து படுத்த வாழ்க்கையும் போனது. அந்தத் துக்கம் பொய்யில்லை. ஆனால் அன்றைக்குப் பிறந்தே இராத பையன் இன்றைக்குக் குடித்துவிட்டு லைன் வீட்டு வாசலில் கிடந்தாலும் பழி சுரங்கத்தின் மேல்தான் விழுகிறது.

ஊருக்கே சொந்தமான ஒரு துக்கம் கையில் தயாராக இருப்பதில் ஒரு வசதி உண்டு. யாருடைய குடிக்கும் அது பொருந்திவிடும். அந்த வசதியால் ஒரு நோய் இங்கே கண்ணுக்குத் தப்பிக்கொண்டே இருக்கிறது. டாக்டர்கள் பைபோலார் என்பார்கள். தமிழில் இருமுனை மனநிலைக் கோளாறு.

சில வாரங்கள் அந்த ஆளைக் கையில் பிடிக்க முடியாது. இரண்டு மணி நேரத் தூக்கம் போதும். விடிய விடியப் பேச்சு, பாட்டு, திட்டம். ராபர்ட்சன்பேட்டையில் கடை எடுக்கிறேன், பெங்களூரில் ஏஜென்சி போடுகிறேன் என்று வட்டிக்கு வாங்குவார். வாங்கியதை ஊருக்கு வாரி இறைப்பார். தட்டிக் கேட்டால் கை ஓங்குவார். பிறகு எல்லாம் வற்றிவிடும். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பார்; குளிக்கக்கூடத் தோன்றாது; இருந்து என்ன பயன் என்பார். பலருக்கு இரண்டு நிலையிலும் கையில் பாட்டில் இருக்கும். மற்றவர் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பாட்டில்தான். முதல் நிலைக்கு ‘குடிச்சிட்டு ஆடுறான்’ என்றும், இரண்டாவதற்கு ‘குடிச்சுக் குடிச்சே ஓய்ஞ்சு போனான்’ என்றும் பெயர் வைத்துவிடுவார்கள். நோய்க்கு இரண்டு முகம் இருந்தும் ஊர் ஒரே பெயரில் கூப்பிடுகிறது.

எத்தனை பேர் விவகாரம் இது? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 0.5 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது இருமுனைக் கோளாறு இருந்ததாகச் சொல்கிறது. அந்தப் பெரிய ஆய்வுக்கு முன்னோட்டமாக 3,190 பேரிடம் கேள்வித்தாளைச் சோதித்துப் பார்த்த இடம் வேறெங்கும் இல்லை, இதே கோலார் மாவட்டம்தான். அரை சதவீதம் என்பது காதுக்குச் சின்னதாகப் படும். 2011 கணக்கெடுப்பின்படி தங்கவயல் நகரத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அதில் வயது வந்தவர்கள் ஒரு லட்சம் என்று குறைத்து வைத்தாலும் 500 பேர் வருகிறது. அதே ஆய்வில், இந்த நோய் உள்ளவர்களில் 70 சதவீதத்தினர் சிகிச்சை இல்லாமல் இருந்தனர். குடிநோயில் நிலைமை இன்னும் மோசம்: 86 சதவீதம்.

இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வது தற்செயல் இல்லை. அமெரிக்காவில் 1980களில் 20,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில், கடுமையான வகை இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் 46 சதவீதம் பேருக்குக் குடிநோயும் இருந்தது. பொதுமக்களிடம் அது 13.5 சதவீதம். இந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும். நம் ஊர்ப் பையன்கள் முதல் குவார்ட்டரை வாங்கும் வயதும் அதுதான். எது முன்னால் வந்தது என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது.

தங்கவயலுக்குக் குடி 2001க்குப் பிறகுதான் வந்தது என்பதும் சரியில்லை. நூறாண்டுக்கு முன்பே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் பௌத்த சங்கம் நடத்திய தமிழர்கள் இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகளைச் சித்தார்த்தா புத்தகசாலை வழியாக அச்சுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அவர்கள் ஏற்ற பஞ்சசீலத்தில் ஐந்தாவது, மதுவைத் தொடாதே என்பது. தங்கம் கொட்டிய காலத்திலும் சாராயக் கடை இருந்தது. சம்பள நாளில் அதன் முன்னால் கூட்டமும் இருந்தது. 2007 ஜூலை முதல் தேதி கர்நாடகம் சாராயத்தைத் தடை செய்தது. குடித்தவர்கள் சீல் வைத்த மலிவு விஸ்கிக்கு மாறினார்கள், அவ்வளவுதான். அண்மை ஆண்டுகளில் மாநிலக் கலால் துறையின் வருமானம் ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது.

‘கவலைக்குக் குடிக்கிறான்’ என்ற பரிவான பேச்சு அடுத்தது. மனம் சரியில்லாததால் குடிக்கிறார், மனம் சரியானால் குடி தானாக நிற்கும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. மருத்துவ உலகிலும் இதை வெகுகாலம் நம்பினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா ஸ்பெரி குழுவினர் 2024இல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்துப் பார்த்தது. இருமுனைக் கோளாறு உள்ள 584 பேரை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஒருவர் தன் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் குடித்தால், அடுத்த ஆறு மாதங்களில் அவருக்குச் சோர்வும் கிளர்ச்சியும் கூடின, வேலை கெட்டது. ஆனால் சோர்வோ கிளர்ச்சியோ கூடியதால் பின்னால் குடி கூடியது என்று காண முடியவில்லை. அந்த 584 பேரில் பெரும்பாலோர் மொடாக்குடியர்கள் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க ஆய்வு ஒன்றை வைத்துத் தங்கவயலுக்குத் தீர்ப்பு எழுத முடியாதுதான். இருந்தாலும், ‘பாவம், கஷ்டத்துல இருக்கான், ரெண்டு பெக் போட்டுக்கட்டும்’ என்று ஊற்றிக் கொடுக்கும் மச்சான்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பஞ்சாபிப் பாடகர் ஹனி சிங் புகழின் உச்சியில் இருந்தபோது திடீரென்று காணாமல் போனார். போதை மறுவாழ்வு மையத்தில் இருக்கிறார் என்று வதந்தி ஓடியது. 2016இல் அவரே வாய் திறந்தார்: தனக்கு இருமுனைக் கோளாறு, குடிநோய் அதை இன்னும் மோசமாக்கியது, நான்கு டாக்டர்களை மாற்ற வேண்டியிருந்தது. பணத்துக்கும் டாக்டருக்கும் பஞ்சமில்லாத ஒருவருக்கே வழி பிடிபட அவ்வளவு காலம் ஆனது. மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப்போய்ப் பெங்களூரில் தினக்கூலிக்கு நிற்பவருக்கு எவ்வளவு காலம் ஆகும்?

குடியையும் நோயையும் பிரித்துப் பார்க்க டாக்டர்களிடம் ஒரு வழக்கமான கேள்வி உண்டு. குடியை முழுதாக விட்டு ஒரு மாதம் கழிந்த பிறகும் அந்தக் குணங்கள் இருக்கின்றனவா? போதையால் வந்த மனமாற்றம் என்றால் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் தனி நோயைத் தேட வேண்டும். தங்கவயலில் அந்த ஒரு மாதம் ஆண்டுதோறும் தானாகவே வருகிறது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள். தை மாதம் மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடுத்துகிறார்கள். கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலத்தின் நாற்பது நாள் பாட்டிலைத் தொடுவதில்லை. மாலை போட்ட மனிதர் ஒரு சொட்டுக்கூட இறங்காத நாற்பது நாளிலும் தூங்காமல் விடிய விடியப் பேசிக்கொண்டும், இருக்கும் காசையெல்லாம் அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டும் இருந்தால், அது பக்தி முற்றியதாகவே பார்க்கப்படுகிறது. சாமி வந்திருக்கிறது என்று விழுந்து கும்பிடுகிறவர்களும் உண்டு. இல்லை, மாலை போட்ட பிறகும் எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடக்கிறார் என்றால் ‘சரக்கு இல்லாம வாடுறான்’ என்று சிரிக்கிறார்கள். குருசாமிகளும் பங்குத் தந்தைகளும் கவனித்தால் ஊரில் எந்த டாக்டருக்கும் முன்னால் அவர்களால் இந்த நோயை அடையாளம் காண முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்தவர் மாலைக்காகவோ சத்தியத்துக்காகவோ ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது, நாள் கிழமை மறந்து உளறுவது ஆகியவை தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஓவியர் வின்சென்ட் வான்கோ தன் காதை அறுத்துக்கொண்டதும் ஆர்ல் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே அவருக்கு வந்த பிதற்றல், குடி சட்டென்று நின்றதால் வந்ததாக இருக்கலாம் என்று நெதர்லாந்து மனநல மருத்துவர்கள் 2020இல் எழுதினார்கள். அவருக்கு இருமுனைக் கோளாறும் குடிநோயும் சேர்ந்தே இருந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. 1888இல் அதைக் கண்டுபிடிக்க ஆளில்லை.

வீட்டுப் பெண்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் சுவரொட்டியை நம்புகிறார்கள். ‘குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம்’ என்ற விளம்பரம் பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும். பொட்டலத்தை வாங்கிக் குழம்பில் கலக்கிறார்கள். அதில் டைசல்ஃபிராம் இருந்தால், தெரியாமல் குடித்தவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து நெஞ்சு படபடத்து உயிர் போகக்கூடும். இருமுனைக் கோளாறு உள்ளவரிடம் அதே மருந்து சித்தப்பிரமையைக் கிளப்பிவிடுவதும் உண்டு. விவரம் சொல்லி, ஒப்புதல் வாங்கி, டாக்டர் கண்பார்வையில் கொடுக்க வேண்டிய மருந்து அது. அந்தப் பெண்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்திலேயே ஒழுங்கான சிகிச்சை கிடைத்தால் அவர்கள் ஏன் பொட்டலத்தைத் தேடப் போகிறார்கள்?

இந்த நோய்க்கு நல்ல மருந்து இருக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் லித்தியம் இந்த நோயில் வேலை செய்வதை எழுதினார். இன்றும் அதுவே முன்வரிசை மருந்து, விலையும் குறைவு, இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் வம்பு பிடித்த மருந்து. ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் பலனில்லை, சற்றே கூடினால் நஞ்சு. அதனால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். குடி உடம்பின் தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றிவிடுகிறது. வெயிலில் கட்டட வேலை பார்த்து வியர்த்தவருக்கு இன்னும் தண்ணீர் குறைகிறது. இரவில் உடம்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக், புரூஃபன் என்று ஒரு மாத்திரை வாங்கிப் போடுகிறார். மூன்றும் லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றும் காரியங்கள். ஏறிவிட்டால் என்ன ஆகும்? நடை தள்ளாடும், நாக்குக் குழறும், கை நடுங்கும், வாந்தி வரும்.

குடிகாரன் என்று பெயரெடுத்தவர் அப்படி வந்தால் யாரும் ஆட்டோவைக் கூப்பிட மாட்டார்கள். ‘தூங்கினா தெளியும்’ என்று பாயை விரிப்பார்கள். இந்த நோயும் குடியும் சேர்ந்த இடத்தில் மிகவும் அஞ்ச வேண்டியது இந்த அலட்சியம்தான்.

மாத்திரை போட்டால் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைத் தலைகீழாகக் கடைப்பிடிப்பவர்களும் உண்டு. ‘இன்னைக்குக் கல்யாணம், மாத்திரை வேணாம்’ என்று ஒரு நாள் விடுவார்கள். கல்யாணம் முடிந்து காது குத்து, காது குத்து முடிந்து திருவிழா. குடிநோயாளிகள் கூடும் இடங்களில் வேறொரு பேச்சு உலவுகிறது: மாத்திரையும் ஒரு போதைதானே, அதையும் விடு! உலகம் முழுக்கக் கிளை பரப்பிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பே இதை ஏற்பதில்லை. உறுப்பினர்கள் யாரும் டாக்டர் வேலை பார்க்க வேண்டாம் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. லித்தியத்தில் போதை கிடையாது. அதைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த நோய் திரும்பி வரும், சில சமயம் முன்னைவிட வேகமாக.

தூக்கத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இருமுனைக் கோளாறு உள்ளவருக்குத் தூக்கம் கெடுவது கிளர்ச்சி நிலையைத் தூண்டும். சுரங்கக் காலத்தில் ஷிப்டு முறை, இப்போது ரயில். பொழுது விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு புறப்படும் ரயில்களில் தங்கவயலின் ஆயிரக்கணக்கானோர் தொங்கிக்கொண்டு போகிறார்கள். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போய், வேலை பார்த்து, இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். அசதிக்கு ஒரு குவார்ட்டர். அது படுத்ததும் தூக்கத்தைக் கொடுக்கும், பின்னிரவில் பறித்துக்கொள்ளும். மறுபடி விடியுமுன் ரயில். இந்த நோய்க்கு விதை உள்ள ஓர் இளைஞரை நோயில் தள்ள வேறு ஏற்பாடு தேவையில்லை. சுரங்கத்தின் மேல் பழி போடுவதில் நியாயம் உண்டென்றால் அது இந்த இடத்தில்தான்: ஊரில் வேலை இருந்தால் அவருக்கு ஏழு மணி நேரத் தூக்கம் கிடைத்திருக்கும்.

சிகிச்சைக்கும் அதே ரயில்தான் என்ற நிலை கூடாது. நிம்ஹான்ஸ் பெரிய நிறுவனம், குடிநோய்க்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. ஆனால் ஒருவரைக் கூட்டிப்போக இன்னொருவர் கூலியை விட வேண்டும். முதல் தடவை போவார்கள், இரண்டாம் தடவையும் போவார்கள், பிறகு நின்றுவிடும். 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, மனநோய் உள்ள யாரும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் போகவேண்டி வரக்கூடாது, அவர்கள் வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது கிடைக்க வேண்டும் என்கிறது. மது, போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்பும் அந்தச் சட்டத்தின் பார்வையில் மனநோய்தான். ஆக, இருமுனைக் கோளாறுக்கு ஒரு வாசல், குடிக்கு வேறு வாசல் என்று பிரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. நடப்பது வேறு. மனநல டாக்டர் ‘முதல்ல குடியை நிறுத்திட்டு வா’ என்பார். மறுவாழ்வு மையத்தில் ‘மனநோய்க்கு நாங்க பாக்கறதில்ல’ என்பார்கள். நடுவில் நிற்பவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

கர்நாடக அரசு 2014இல் தொடங்கிய மனோசைதன்யா திட்டத்தில், மனநல மருத்துவர் செவ்வாய்க்கிழமைகளில் தாலுகா மருத்துவமனைக்கு வருகிறார். பாராட்டத்தக்க ஏற்பாடு, போதாத ஏற்பாடு. குடி நின்ற மூன்றாம் நாள் வரும் பிதற்றல் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்காது. தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனையில் மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும். குடியை நிறுத்துகிறவரைப் பாதுகாப்பாக வைத்துப் பார்க்கச் சில படுக்கைகள் வேண்டும். லித்தியத்தின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு ரத்தத்தையாவது இங்கேயே எடுத்து அனுப்ப வேண்டும். மருந்துக்கும் குடிநோய் ஆலோசனைக்கும் ஒரே சீட்டு, ஒரே நாள், ஒரே அறை வேண்டும். அந்த ஆலோசனை தமிழில் நடக்க வேண்டும். வீட்டிலும் தெருவிலும் தமிழே பேசும் ஊரில், ஒருவர் தன் மனதைத் திறக்கக் கன்னடமும் ஆங்கிலமும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. கலால் வருமானத்தில் ஒரு துளி போதும் இதற்கு. சுரங்க நிலத்தை என்ன செய்வது என்று ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதி கொடுப்பவர்களிடம் தங்கவயல் வாக்காளர்கள் இதையும் கேட்கலாம்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டாக்டரிடம் போகும்போது எவ்வளவு குடிக்கிறார் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். குடிக்காத நாட்களில் எப்படி இருந்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார், எப்போது அளவுக்கு மீறிச் செலவு செய்தார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். உயிரை விட்டுவிடுவேன் என்று சொன்னால் போதைப் பேச்சு என்று தள்ளாதீர்கள். தனியாக விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கூட்டிப்போக முடியாத இரவில் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. கட்டணம் இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.